பூட்டாத அலமாரி

காந்திகிராமத்தை அடுத்த ஊர் ஒன்றில் வீடு சந்திப்புக்காகச் சென்றிருந்தோம். அன்று நுழைந்த முதல் வீட்டின் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அதன் மேல்தட்டு முழுவதும் பொம்மைகள். சாவி கொடுத்தால் ஓடும் இரயில், கண்ணை மூடித் திறக்கும் பெண் பொம்மை, சிங்கப்பூரிலிருந்து தாய்மாமன் வாங்கி வந்த பெரிய கரடி. கரடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படவில்லை. அலமாரிக் கதவில் சிறு பூட்டு ஒன்று தொங்கியது. அதற்கு நேர் கீழே, தரையில், அவ்வீட்டின் நான்கு வயதுச் சிறுமி நூல் தீர்ந்த கட்டைகள் ஐந்தாறை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். சின்னாளபட்டித் தறிகளுக்கு அருகே வாழும் பிள்ளைகளுக்கு அத்தகைய கட்டைகள் கிடைப்பது அரிதன்று.

நாம் அலமாரியை நோக்குவதைக் கண்ட தாய், “எல்லாம் இவளோடதுதான் சாமி. கையில குடுத்தா ஒரே நாள்ல ஒடைச்சிருவா. அதான் பத்திரமா வச்சிருக்கோம்” என்றார்.

நம் வட்டாரத்துக்குப் பூட்டு புதிதன்று. கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கள்வரிடமிருந்து பொருளைக் காக்கப் பூட்டுகிறோம். ஆனால் அந்த வீட்டில் பொருளுக்கு உரியவளிடமிருந்தே பொருள் பூட்டப்பட்டிருந்தது. ‘எல்லாம் உன்னுடையது, எதையும் தொடாதே’ என்று அந்த அலமாரி நாள்தோறும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இதற்கு நேர்மாறான காட்சி. வெங்காயச் சாக்கு ஒன்றில் பொம்மைகள் திணிக்கப்பட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தன. மாலையில் பிள்ளைகள் சாக்கைக் கவிழ்ப்பார்கள். கை போன பொம்மை, சக்கரம் இழந்த மகிழுந்து, மூடியில்லாத பெட்டி, பெட்டியில்லாத மூடி எல்லாம் தரையெங்கும் சிதறும். இரவில் அம்மா துடைப்பத்தால் கூட்டி மீண்டும் சாக்கில் போடுவார். மழைக்காலத்தில் ஒருநாள் உள்ளே கையை விட்ட மூத்தவனைத் தேள் கொட்டிவிட்டதாம். சிறுமலை அடிவாரத்து ஊர்களில் அது நடக்கக்கூடியதே.

முதல் வீட்டில் பொருளுக்கு மதிப்பு இருந்தது, குழந்தைக்கு இல்லை. இரண்டாம் வீட்டில் இரண்டுக்குமே இல்லை. அன்று திரும்பும் வழியில் நம்மைத் தொடர்ந்து வந்த கேள்வியைத்தான் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். குழந்தையின் விளையாட்டுப் பொருளை வீட்டில் எங்கே வைப்பது?

இது வீட்டு ஒழுங்கைப் பற்றிய சிறு செய்தி, இதில் அறநெறிக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். மனிதன் முதன்முதலாக ‘என்னுடையது’ என்று சொல்லும் பொருள் பெரும்பாலும் ஒரு விளையாட்டுப் பொருளே. நிலமும் நகையும் வங்கிக் கணக்கும் பின்னால் வருகின்றன. வைத்திருப்பது, பேணுவது, பகிர்வது, விட்டுக்கொடுப்பது ஆகிய நான்கையும் குழந்தை கற்பது மறைக்கல்வி வகுப்பில் அன்று. அந்தப் பொம்மை வைக்கப்பட்டிருக்கும் இடத்தில்.

பண்டு இருந்த ஓலைப்பெட்டி

நம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தெரியாது. மரப்பாச்சி ஒன்று, மண்ணிலோ மரத்திலோ செய்த சொப்புச் சாமான்கள், ஒரு பம்பரம், சில கோலிகள். இவ்வளவும் ஓர் ஓலைப்பெட்டியில் அடங்கின. பெட்டி சுவரோரம் இருந்தது. மூடியைத் திறக்க எவரையும் கேட்க வேண்டியதில்லை. நடைவண்டி மட்டும் பரணில் ஏறும். அடுத்த குழந்தை பிறந்ததும் இறங்கிவரும். அண்ணன் நடை பழகிய வண்டியில் தங்கை நடை பழகினாள். ஒன்று என்னுடையது, மற்றொன்று குடும்பத்துடையது என்ற பாகுபாடு எவரும் விளக்காமலேயே விளங்கியது.

இன்னும் பின்னோக்கிச் சென்றாலும் இதே எளிமையைக் காண்கிறோம். கீழடி அகழாய்வில் ஆட்டக்காய்களும், உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. புகார் நகரச் சிறுவர் உருட்டித் திரிந்த மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உலர வைத்த நெல்லைத் தின்ன வந்த கோழியை விரட்ட வீட்டுப் பெண்கள் பொற்குழையைக் கழற்றி வீச, அந்தக் குழை சிறுவரின் தேரைத் தடுக்கிறது. பொன் வழியில் கிடக்கிறது. விளையாட்டு அதனால் தடைப்படுவதுதான் அங்கே குறையாகச் சொல்லப்படுகிறது. அந்தச் செல்வ நகரிலும் தேர் பூட்டிவைக்கப்படவில்லை, சிறுவனின் கையில் இருந்தது.

இன்று பிறந்தநாளுக்கு வருவோர் ஆளுக்கொரு பொம்மை கொண்டு வருகின்றனர். வெளிநாட்டு உறவினர் பெட்டி நிறையக் கொண்டு வருகின்றனர். திருவிழாக் கடைகளிலோ மலிவான பிளாஸ்டிக் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. விலை உயர்ந்தது அலமாரிக்குள் போகிறது, மலிந்தது சாக்குக்குள் போகிறது. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் எதுவும் இருப்பதில்லை.

மறந்துபோன ஒரு பூட்டு

உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்புப் பகுதியில் 1907 சனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று, சிறுபிள்ளைகளுக்கான இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. அதை வழிநடத்தியவர் மரிய மொந்தெசோரி என்னும் மருத்துவர். அங்கே கற்றல் பொருள்கள் பூட்டிய அலமாரியில் இருந்தன. ஆசிரியை எடுத்துக் கொடுப்பார், பின்னர் வாங்கி வைப்பார். ஒருநாள் அலமாரியைப் பூட்ட மறந்துபோன ஆசிரியை சற்றுத் தாமதமாக வந்தார். பிள்ளைகள் கதவைத் திறந்து ஆளுக்கொரு பொருளை எடுத்துச் சென்றுகொண்டிருந்தனர். இது திருட்டுப் புத்தி, கண்டிக்க வேண்டும் என்றார் ஆசிரியை. மொந்தெசோரியோ வேறுவிதமாகக் கண்டார். எந்தப் பொருள் எது என்பதைப் பிள்ளைகள் அறிந்துவிட்டனர், தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்துகொள்ளவும் அவர்களால் முடிகிறது என்று உணர்ந்தார். அதன்பின் பூட்டிய அலமாரி போயிற்று. குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான, கதவில்லாத தட்டுகள் வந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம், எடுத்தவரே மீண்டும் அங்கே வைக்க வேண்டும் என்பது ஒழுங்காயிற்று.

ஒரே செயலை ஒருவர் திருட்டு என்றார், மற்றவர் வளர்ச்சி என்றார். இரண்டு முடிவுகளுக்கும் இடையே இருந்தது குழந்தையின் மீதான நம்பிக்கை ஒன்றுதான்.

இது தொலைநாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். அந்த அம்மையார் 1939இல் சென்னைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் இத்தாலி நாட்டவர் என்ற நிலையில் தாயகம் திரும்ப இயலாது இங்கேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் அவர் வாழ்ந்தது, காந்திகிராமத்திற்கு மேற்கே நீண்டு கிடக்கும் பழநி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலில். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கான அவரது கல்விச் சிந்தனை அந்த மலையில்தான் வளர்ந்து உருப்பெற்றது.

மலையடிவாரத்தில், 1947இல், மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி இங்கே வேரூன்றியது. கையால் செய்யும் தொழில் வழியே கல்வி என்பது அதன் உயிர். தொழில் என்றால் கருவி உண்டு; கருவி என்றால் அதைப் பேணும் கடமை உண்டு. தக்ளியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகும் சிறுவன் நூற்கக் கற்றிருக்கலாம், ஆதாரக் கல்வி கற்றவன் ஆகான்.

காந்தியடிகள் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் காக்கா காலேல்கர் பதிவு செய்துள்ளார். 1915இல் பம்பாயில் காங்கிரசு மாநாட்டின்போது அடிகள் தம் மேசையில் எதையோ பரபரப்பாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு துண்டுப் பென்சில். காலேல்கர் தம்முடைய பென்சிலைக் கொடுக்க முன்வந்தபோது அவர் ஏற்கவில்லை. சென்னையில் ஜி. ஏ. நடேசனின் சிறு மகன் அன்போடு கொடுத்தது அது. அதைத் தொலைக்க அவருக்கு மனம் வரவில்லை. தேடிக் கண்டெடுத்த பென்சில் இரண்டு அங்குலம் கூட இல்லை. ஒரு குழந்தையின் பொருளுக்குப் பெரியவர் ஒருவர் தந்த மதிப்பு அது. நாம் பெருக்கித் தள்ளும் குப்பைக்குள் அத்தகைய துண்டுப் பென்சில்கள் எத்தனை போயிருக்குமோ!

எங்கே, எவ்வளவு, எப்படி

இனி வீட்டுக்கு வருவோம். விலை உயர்ந்த மரச்சாமான் எதுவும் தேவையில்லை. குழந்தையின் மார்புயரத்துக்கு மேற்படாத ஒரு தட்டு போதும். செங்கல் அடுக்கிப் பலகை போட்டாலும் தட்டுதான். ஆனால் ஆடாமல் இருக்க வேண்டும், குழந்தை பிடித்து ஏறினால் சாயக்கூடாது. அதற்கும் இடமில்லாத ஓர் அறை வீட்டில், செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்றைக் குழந்தையின் பெயர் எழுதிக் கொடுத்தால் அதுவும் தட்டுதான். சொப்புகள் ஒரு கூடையில், கட்டைகள் ஒரு கூடையில், படப் புத்தகங்கள் தனியே. எழுத்தறியாத குழந்தைக்கு அடையாளமாகக் கூடையின் மேல் ஒரு படம் ஒட்டலாம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே வைக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தார் 36 சிறு குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் மற்றொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டனர். 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பலவிதமாக விளையாடினார்களாம். எனவே ஐந்தாறு பொருள்கள் தட்டில் இருக்கட்டும். மற்றவை பரணில் இருந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாறட்டும். எவை இறங்க வேண்டும், எவை ஏற வேண்டும் என்பதைக் குழந்தையே சொல்லட்டும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் கோலி, மணி போன்ற சிறு பொருள்களை அண்ணனின் பெட்டியில், எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பொத்தான் போன்ற சிறு மின்கலங்கள் விழுங்கப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். கனமான மூடி போட்ட தகரப் பெட்டி விரலை நசுக்கும். பொம்மை வந்த பிளாஸ்டிக் உறை மூச்சை அடைக்கும். இவற்றுக்குப் பூட்டு வேண்டும் என்றால் போடுவோம். காக்கும் பூட்டு வேறு, மறுக்கும் பூட்டு வேறு.

நாம் செய்த பிழை

இவ்வளவும் சொல்லும் நாம் இதில் ஒரு பெரும் பிழை செய்தவர்கள். அதை மறைப்பது முறையாகாது.

நாம் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில், கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி, ‘வீட்டில் உபயோகிக்காத பொம்மைகளைக் கொண்டு வாருங்கள், இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுப்போம்’ என்று மறையுரையில் அறிவித்தோம். மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. வீடு சுத்தமாயிற்று என்று தாய்மார்களுக்கும் மகிழ்ச்சி. விழா நாளன்று அவை ஊர்க்கோடியில் இருந்த பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன. மறுநாள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் துணிப் பொம்மை, ஒரு கண் இல்லாதது, மூட்டையோடு போய்விட்டது. பள்ளிக்குப் போயிருந்த வேளையில் தாய் எடுத்துப் போட்டிருக்கிறார். பழையதுதானே என்ற எண்ணம்.

நாம் அப்போது என்ன செய்தோம்? “கொடுப்பது புண்ணியம் அல்லவா? இயேசு பாலன் உன்னைப் பார்த்து மகிழ்வார்” என்றோம். அவள் தலையாட்டினாள். சற்று நேரம் கழித்து, “சாமி, அந்த வீட்ல ராத்திரி அத எங்க படுக்க வைப்பாங்க?” என்று கேட்டாள்.

நம்மிடம் விடை இல்லை. யாருக்குக் கொடுத்தோம் என்பதுகூட நமக்குத் தெரியாது. விசாரித்து அறிந்தபோது அது இன்னொரு சிறுமியின் மடியில் இருந்தது. அவளிடமிருந்து பிடுங்குவதா? முதல் பிழையை இரண்டாம் பிழையால் திருத்த இயலாது. திரும்பி வந்து முதல் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டோம். அதை அவள் எப்படி ஏற்றுக்கொண்டாள் என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது.

குருமடத்தில் படித்ததை அன்று மீண்டும் எடுத்துப் படித்தோம். உடைமை பற்றிப் பேசும் தூய தோமா அக்குவினார் இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார். பொருளை ஈட்டவும் நிர்வகிக்கவும் தனி ஒருவருக்கு உரிமை உண்டு. பயன்பாட்டிலோ, தேவையில் இருப்போருக்கு மனமுவந்து பகிரும் வகையில் அதைப் பொதுவானதாகக் கருத வேண்டும். முதலாவதை நீக்கிவிட்டு இரண்டாவதைக் கட்ட முடியாது. தனக்கென ஒன்று இல்லாதவன் எதைக் கொடுப்பான்? பிறர் பொருளை எடுத்துக் கொடுப்பது ஈகையாகாது. அங்கே நீதி முதலில் காயப்படுகிறது. இந்தப் பாடத்தில் நாம் தேர்வு எழுதித் தேறியவர்கள். ஒரு கண் இல்லாத துணிப் பொம்மைக்கும் அது பொருந்தும் என்று நமக்குத் தோன்றவில்லை.

‘பணம் கொடுத்து வாங்கியவர் பெற்றோர்தானே, அவர்களுக்கு உரிமை இல்லையா?’ என்று கேட்கலாம். உண்டு. எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது, ஆபத்தானதை அகற்றுவது யாவும் பெற்றோரின் கடமை. ஆனால் ‘இது உனக்கு’ என்று சொல்லிக் கையில் கொடுத்தபின் அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும். பெரியவர்களின் சொல் எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று கற்ற குழந்தை, தானும் அவ்வாறே சொல்லக் கற்கும்.

‘கேட்டால் குழந்தை கொடுக்க மாட்டேன் என்றுதான் சொல்லும்’ என்பது இன்னொரு வாதம். பல முறை அப்படித்தான் சொல்லும். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு அப்பங்கில் அறிவிப்பை மாற்றினோம். பிள்ளைகளே தங்கள் கையால் ஒரே ஒரு பொருளைக் கொண்டு வரட்டும், விரும்பாதவர் வெறுங்கையோடு வரட்டும் என்றோம். மூட்டைகள் வரவில்லை. வந்தவை ஒரு மேசைக்குள் அடங்கின. சில பிள்ளைகள் வாயில் வரை கொண்டு வந்து மனம் மாறித் திரும்பினர். ஒரு சிறுவன் தன் பம்பரத்தைக் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றும் விதத்தைப் பெற்றவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று அங்கேயே நின்றுவிட்டான். எண்ணிக்கையில் குறைந்த அந்த ஆண்டுதான் அப்பங்கில் பிள்ளைகள் உண்மையில் எதையாவது கொடுத்தார்கள் என்று நினைக்கிறோம்.

தனக்கென ஓரிடம்

குழந்தை உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1989இல் நிறைவேறியது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. அதன் 31ஆம் பிரிவு குழந்தையின் ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்கிறது. உரிமை என்று ஏட்டில் எழுதியது வீட்டில் உயிர்பெற வேண்டுமானால், அதற்கு இரண்டடி இடமாவது வேண்டும்.

காந்திகிராம வளாகத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கென சௌபாக்கிய இல்லம் உள்ளது. இல்லங்களிலும் விடுதிகளிலும் வளரும் பிள்ளைகளைச் சந்தித்துப் பழகிய எவருக்கும் ஒன்று தெரியும். உணவும் உடையும் கூடமும் பொதுவாக உள்ள இடத்தில், தன் பெயர் எழுதிய சிறு தகரப் பெட்டியை அந்தப் பிள்ளை எப்படிக் காக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது ஒரு பழைய வாழ்த்து அட்டையோ கூழாங்கல்லோ ஆக இருக்கலாம். அந்தப் பெட்டி இருக்கும் இடமே அதற்கு வீடு. பெற்றோரோடு வாழும் நம் பிள்ளைகளுக்கு அந்த அளவு இடமாவது நம் வீடுகளில் உண்டா?

ஆண்டுதோறும் பரணிலிருந்து குடில் சுரூபங்களை இறக்குகிறோம். பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்த இடையரையும் ஆட்டுக்குட்டியையும் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறோம். ஒரு காது உடைந்த கழுதையைக்கூட எறிவதில்லை. ஒட்டி வைத்து அதற்கென உள்ள மூலையில் நிறுத்துகிறோம். பிள்ளைகளின் பொருளையும் அதே கையால் எடுத்து வைக்க நமக்குத் தெரியாமல் இல்லை.

அந்த முதல் வீட்டுக்குச் சென்ற மாதம் மீண்டும் போனோம். அலமாரியில் பூட்டு இருந்தது. ஆனால் கரடி இல்லை. அது தரையில், பாயின் மேல், நூற்கட்டைகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்தது. உறையைப் பிரித்துவிட்டிருந்தார்கள். காதில் சிறிது அழுக்கேறியிருந்தது. “கேட்டுக்கிட்டே இருந்தா சாமி, எடுத்துக் குடுத்துட்டேன்” என்றார் தாய், ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போல. சிறுமி நம்மை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நூற்கட்டை ஒன்றை எடுத்து, அதன் பெயரைச் சொல்லி, கரடிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள்.